பாசறையில் எழுதிய குறிப்பேடு

பருவமழை வலுத்தால் பள்ளிப்பட்டில் முதலில் எழும் கேள்வி, "ஆந்திராவுல அணையைத் தொறந்துட்டாங்களா?" என்பதுதான். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் தரைப்பாலம் மூழ்கும். ஊரைச் சுற்றிக்கொண்டுதான் அக்கரை போக வேண்டும்.

ரோமாபுரிக்கும் இப்படி ஓர் ஆறு உண்டு, டைபர். கி.பி. 161-இல் மார்க்கஸ் அரேலியஸ் அரியணை ஏறிய சூட்டோடு அது கரைபுரண்டது. பின்னாலேயே பஞ்சம். கிழக்கே போர். படைகளோடு திரும்பி வந்த கொள்ளைநோய். அப்புறம் டான்யூப் எல்லையில் ஆண்டுக்கணக்கில் சண்டை. இத்தனைக்கும் நடுவே பாசறையில் உட்கார்ந்து, தனக்குத்தானே புத்தி சொல்லிக் குறிப்புகள் எழுதினார் அந்தப் பேரரசர். அதுவும் லத்தீனில் அல்ல, கிரேக்க மொழியில். சாரம் இதுதான்: நடப்பது நம் கையில் இல்லை, அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது நம் கையில்.

இந்தப் பாடத்தை அவர் பெரிதும் கற்றது எபிக்டெட்டஸ் என்பவரின் போதனைகளிலிருந்து. அவர் யார் தெரியுமா? அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், கால் ஊனமுற்றவர். அடிமையாய் இருந்தவரிடம் அரசர் பாடம் கேட்கிறார். எனக்குப் பிடித்த இடம் இது.

துன்பத்தில் கலங்காமல் இருப்பதற்கென்றே நம் வள்ளுவர் 63-ஆம் அதிகாரம் வைத்திருக்கிறார், இடுக்கண் அழியாமை. ரோமானியர் தாங்கிக்கொள்ளச் சொன்னார். வள்ளுவரோ சிரிக்கவே சொல்கிறார். ஒரு படி மேல்தான். பத்தே குறள், இன்று ராத்திரி எடுத்துப் படியுங்கள்.

ஆனால் நேயர்களே, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது மன உறுதியைக் காட்டுகிறேன் என்று வண்டியை மட்டும் இறக்கிவிடாதீர்கள்!