விடுதி மாணவருக்கு வாக்கு எங்கே?

"தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்குத் திருப்பதியில் ஏது வாக்கு?" என்று நண்பர் பலர் கேட்கின்றனர். சட்டம் தாய்மொழியைப் பார்ப்பதில்லை. இந்தியக் குடியுரிமை, 18 வயது, வசிக்கும் இடம் இவற்றையே பார்க்கிறது. (1989 வரை 21 வயது நிரம்ப வேண்டும், அந்தக் கணக்கில் இளங்கலை மாணவர் பெரும்பாலோர்க்கு வாக்கே இராது!)

விடுதியில் தங்கிப் பயில்வோர் பெற்றோர் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதிந்துகொள்ளலாம். விடுதியில் பதிய, படிப்பு ஓராண்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். கல்லூரித் தலைவரின் சான்றும் வேண்டும். புதியவருக்கு 6-ஆம் படிவம். இடம் மாற்றுவோருக்கு 8-ஆம் படிவம். இரண்டு ஊர்ப் பட்டியலிலும் பெயர் இருக்கச் சட்டம் இடந்தராது.

2024-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றும் ஆந்திரத்தில் மே 13 அன்றும் வாக்குப்பதிவு நடந்தது. என் பெயர் ஆம்பூர்ப் பட்டியலில் இருந்தது. தேர்வை எண்ணிக் காட்பாடிக்கு ரயிலேறாமல் இருந்துவிட்டேன். மாணவர் என்பதற்காகத் தபால் வாக்கும் கிடையாது. மே மாதம் திருப்பதி நண்பர்கள் விரலில் மையோடு வந்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. பிறகு பெயரை இங்கே மாற்றிக்கொண்டேன்.

"ஊரையே விட்டுக்கொடுத்துவிட்டீரே!" என்றார் சித்தூர்த் தமிழ் நண்பர் ஒருவர். 1960 ஏப்ரல் 1 அன்று அவருடைய மாவட்டத்திலிருந்த திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவ்வூரார் வீட்டுப் படி இறங்காமலே மாநிலம் மாறினர். அதை நினைவூட்டினேன், சிரித்துவிட்டார்.

18 வயதைக் கணக்கிட 2022 முதல் ஆண்டுக்கு நான்கு நாட்கள் உண்டு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி. கல்லூரிச் சான்றை மட்டும் விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.