மரக்கிளையில் தொங்கிய சோறு

தேசத் தொண்டு என்றால் மேடை ஏறிப் பேசுவது, ஊர்வலம் செல்வது, சிறை புகுவது என்றே நம்மவர்களில் பலர் கருதி வருகிறார்கள். "நாங்கள் சம்சாரிகள், அடுப்பையும் குழந்தைகளையும் விட்டு எங்கே போவது? எங்களால் ஆகக்கூடியது என்ன?" என்று கேட்பவர்களை நாம் தினந்தோறும் சந்திக்கிறோம். இந்தக் கேள்வியில் சோம்பலும் உண்டு. உண்மையான ஏக்கமும் உண்டு. சோம்பலுக்கு நாம் மருந்து அறியோம். ஏக்கமுள்ளவர்களுக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். சோற்றுப் பானையின் துணையால் ஒரு வல்லரசின் உத்தரவைத் தமிழ் நாட்டுக் குடும்பங்கள் செல்லாக் காசாக்கிய சரித்திரம் அது.

முதலில் சோற்றைப் பற்றியே பேசுவோம். காலை ஆகாரங்களில் நமக்கு மிகவும் உகந்தது எது என்று யாரேனும் கேட்டால், பழையது என்று சொல்ல நாம் வெட்கப்பட மாட்டோம். இட்டலியையும் தோசையையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தஞ்சைத் தரணியில் ஏர் பிடித்தவனும் நாற்று நட்டவளும் தலைமுறை தலைமுறையாக எதை உண்டு வயலில் இறங்கினார்களோ, அதற்குரிய மரியாதையை அதற்குக் கொடுக்க வேண்டுமல்லவா?

பழையதைத் தயாரிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. இராச் சாப்பாட்டுக்குப் பின் மிஞ்சிய சோறு, புழுங்கலரிசிச் சோறாக இருந்தால் விசேஷம். சூடு நன்றாக ஆறிய பிறகு அதை மண் சட்டியில் இட்டு, சோறு மூழ்கும்படி தண்ணீர் வார்த்து மூடி வைக்க வேண்டும். விடிவதற்குள் அந்தத் தண்ணீரில் இலேசான புளிப்பு ஏறிவிடும். அதைத் தனியே வடித்து உப்பிட்டு அருந்தினால், அதுவே நீராகாரம். சோற்றைக் கையால் பிசைந்து, மோர் விட்டு, கல்லுப்புப் போட்டுக் கரைத்து, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமோ, பச்சை மிளகாயோ, முதல் நாள் குழம்பைச் சுண்டக் காய்ச்சியதோ வைத்துக்கொண்டால், மத்தியானம் வரையில் பசி என்ற பேச்சே எழாது. உப்பு நாரத்தங்காயும் அகப்பட்டுவிட்டாலோ, அவனே ராஜா!

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழையின் வீட்டில் ஒரு நாள் மோர் இல்லாமல் போகலாம். வெங்காயம் இல்லாமல் போகலாம். உப்பு இல்லாமல் மட்டும் இந்த ஆகாரம் தொண்டைக்குள் இறங்காது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பெரியோர் சொன்னது வெறும் நாக்கின் ருசியைப் பற்றியதன்று. வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவன் உடம்பு, இழந்த உப்பைத் திரும்பக் கேட்கிறது. மாளிகையில் விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவனை விட அவனுக்கு உப்பு அதிகமாகவே வேண்டும்.

உப்பின் மேல் விழுந்த வரி

இந்த உப்பின் மீதுதான் அந்நிய சர்க்கார் கை வைத்தது. 1930-ல் சுமார் 82 ராத்தல் உப்புக்கு ஒரு ரூபாய் நாலணா வரி. 1923-ல் இதை இரண்டரை ரூபாயாக உயர்த்த முயன்றபோது, டில்லி சட்டசபை மறுத்தது. மறுத்தும் என்ன? ராஜப் பிரதிநிதியாக இருந்த ரீடிங் பிரபு தம்முடைய விசேஷ அதிகாரத்தைக் கொண்டு அதைச் சட்டமாக்கினார். மறு வருஷம்தான் வரி பழைய அளவுக்கு இறங்கிற்று. கடலோரத்தில் சூரியன் தானே விளைவித்துக் கொடுக்கும் உப்பை ஒரு கைப்பிடி அள்ளுவதும் குற்றமாக இருந்தது. லக்ஷாதிபதியும் கூலிக்காரனும் ஒரே விகிதத்தில் கொடுத்த வரி அது. ஆகையால் கூலிக்காரன் முதுகையே அது அதிகமாக அழுத்திற்று.

மகாத்மா காந்தி உப்பைக் கையில் எடுத்ததன் சூட்சுமம் இதுதான். அரசியல் சீர்திருத்தம், டொமினியன் அந்தஸ்து என்றெல்லாம் படித்தவர்கள் வாதாடிக் கொண்டிருந்த காலத்தில், அவர் ஒவ்வொரு வீட்டின் உப்பு மரவையையும் சுட்டிக் காட்டினார். 1930 மார்ச் 12-ந் தேதி சபர்மதியினின்றும் புறப்பட்டு, ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பை எடுத்தார். காலையில் பழையதுக்கு உப்புப் போடும் ஒவ்வொரு தாயும் அன்று முதல் ராஜீய விவகாரத்தில் சம்பந்தப்பட்டு விட்டாள்.

வேதாரணியத்துப் பாதை

அதே ஏப்ரல் 13-ந் தேதி, ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாளில், ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் இல்லத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாட்டு அவர்களுக்கு வழித்துணையாயிற்று. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரணியத்துக்குச் சுமார் 150 மைல்; பதினைந்து நாள் நடை. அவர்கள் கையில் ஆயுதம் கிடையாது. மூட்டையில் அரிசியும் கிடையாது. வழியிலுள்ள ஜனங்கள் சோறு போடுவார்கள் என்னும் நம்பிக்கை ஒன்றே கட்டுச்சோறு.

அப்பொழுது தஞ்சை ஜில்லாக் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்னும் வெள்ளைக்காரர். அவர் மூடர் அல்லர். விஷயத்தை நன்றாகவே புரிந்துகொண்டார். தொண்டர்களை வழியில் அடித்துப் போட்டால் நாடு கொதிக்கும். அவர்களுக்குச் சோறு கிடைக்காமற் செய்துவிட்டால், யாத்திரை தானே சுருண்டு விழும் என்று கணக்கிட்டார். தொண்டர்களுக்கு உணவோ இருப்பிடமோ அளிப்பவர்கள் ஆறு மாதம் வரை சிறைவாசத்துக்கும் அபராதத்துக்கும் ஆளாவார்கள் என்று உத்தரவு பிறந்தது. பத்திரிகைகளில் வெளியிட்டார்கள், துண்டுப் பிரசுரம் வழங்கினார்கள், ஊர்தோறும் தண்டோராப் போட்டார்கள். பசித்து வந்தவனுக்கு அன்னமிடுவது குற்றமாம்! திண்ணை கட்டி வழிப்போக்கனுக்கு இடம் விட்ட நாட்டில், சத்திரம் வைத்துப் புண்ணியம் தேடிய ஜில்லாவில், இப்படி ஓர் உத்தரவு!

உத்தரவு வெறும் காகிதமாகவும் இருக்கவில்லை. கும்பகோணத்தில் தொண்டர்களுக்கு விருந்தளித்த பந்துலு ஐயர் சிறைத் தண்டனை பெற்றார். செல்வாக்குள்ள மனிதருக்கே இந்தக் கதியென்றால் சாமானியக் குடும்பஸ்தர்கள் என்ன செய்வார்கள்? அஞ்சிக் கதவைத் தாழிட்டுக் கொள்வார்கள் என்று அதிகாரவர்க்கம் எதிர்பார்த்தது.

கதவுகள் சில தாழிடப்பட்டது உண்மையே. ஆனால் தொண்டர்கள் நடந்து செல்லும் சாலையில், மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டணங்கள் கட்டித் தொங்கின. காவேரிக் கரையில் அவர்கள் இளைப்பாறிய இடங்களில், உணவு நிறைந்த பெரிய பாத்திரங்கள் மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்தன; இன்ன இடத்தில் இருக்கின்றன என்று குறிப்புக் காட்டவும் ஆட்கள் இருந்தார்கள். கொடுத்தவர் யார்? தெரியாது. மரத்தின் மீது வழக்குத் தொடர முடியுமா? ஆற்று மணலுக்கு ஆறு மாதம் சிறை விதிக்க முடியுமா?

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நூறு பேருக்குச் சோறு வடிப்பது ஒருவர் இரகசியமாகச் செய்யக்கூடிய காரியமன்று. அரிசி அளந்து கொடுத்தவர் ஒருவர். விறகு வெட்டிப் போட்டவர் ஒருவர். வழக்கத்தை விடப் பெரிய பானையை அடுப்பில் ஏற்றியது ஒரு தாய். அடுத்த வீட்டுக்காரிக்குப் புகை தெரிந்திருக்கும். தெருவுக்கே வாசனை தெரிந்திருக்கும். அறிந்தவர் அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. சோறு சமைத்தது ஒரு தொண்டு. அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தது மற்றொரு தொண்டு. அவர்களில் பெரும்பாலோருடைய பெயரைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை. குறித்து வைக்க முடியாதபடி அவர்கள் செய்ததனால்தான் யாத்திரை வேதாரணியம் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரல் 28-ந் தேதி தொண்டர்கள் வேதாரணியத்தை அடைந்தார்கள். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பெடுத்துக் கைதியானார். உள்ளூரில் எல்லா ஏற்பாடுகளையும் தாங்கி நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை சிறையும் சொத்து நஷ்டமும் ஏற்றார். க்ஷவரத் தொழிலாளியான வைரப்பன், தம் எதிரில் அமர்ந்திருப்பவன் போலீஸ்காரன் என்று அறிந்ததும், பாதி க்ஷவரத்தில் கத்தியை மடித்து வைத்துவிட்டார். அதற்காகச் சிறையும் சென்றார். சலவைத் தொழிலாளர் போலீசாரின் துணியைத் தொட மறுத்தனர். அவரவர் தொழிலையும் அவரவர் அடுப்பையும் கொண்டே அவரவர் போராடினர். ஜனங்களுக்குச் சர்க்காரிடம் பக்தி என்று ஏதேனும் இருந்திருந்தால் அது செத்துவிட்டது என்ற கருத்துப்பட, பிறகு கலெக்டர் தார்னே மேலிடத்துக்கு எழுத நேர்ந்தது. அந்தப் பக்தியைக் கொன்றவர் வேறு யாருமல்லர். பசித்தவனுக்குச் சோறிடாதே என்று சொன்ன வாயே அதைக் கொன்றது. உப்பு வரி 1947-ல் ஒழிந்தது.

கடல் கடந்த ஒரு சமையற்காரி

இது தமிழ் நாட்டுக்கு மட்டும் உரிய அதிசயம் என்று நாம் கர்வப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில், அலபாமா மாகாணத்து மான்ட்காமரி நகரில், நீக்ரோ மக்கள் பஸ்ஸில் பின்புற ஆசனங்களில்தான் உட்கார வேண்டும், வெள்ளையனுக்கு எழுந்து இடம் விட வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1955 டிசம்பர் 5-ந் தேதி அவர்கள் பஸ் பகிஷ்காரத்தைத் தொடங்கினார்கள். 381 நாட்கள் அது நீடித்தது. வேலைக்குச் செல்பவர்களை ஏற்றிச் செல்ல மோட்டார் வண்டிகள் வேண்டும், பெட்ரோல் வேண்டும், பணம் வேண்டும்.

ஜார்ஜியா கில்மோர் என்னும் அம்மையார் அங்கே ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்து வந்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் மீது 1956-ல் நடந்த வழக்கில் துணிந்து சாக்ஷி சொன்ன பின் வேலையை இழந்தார். அதற்கு முன்பே அவர் வேறு பெண்களையும் சேர்த்துக்கொண்டு, பலகாரமும் சாப்பாடும் சமைத்து விற்று, வந்த பணத்தைப் போராட்ட நிதிக்குச் செலுத்தி வந்தார். அந்தக் கூட்டத்துக்கு அவர் இட்ட பெயர், 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்று பொருள்படுவது. பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? காவேரிக் கரை மரக்கிளையும் இதே பதிலைத்தான் சொல்லிற்று. வேலை போன பின் கிங்கின் யோசனைப்படி தம் வீட்டிலேயே சமைத்துப் பரிமாறினார். தலைவர்கள் அந்த மேஜையில் உண்டுகொண்டே ஆலோசனை நடத்தினார்கள்.

நமது வீட்டுப் பந்தி

இத்தனையும் சொல்லி, நம் குறையை மறைத்தால் அது நேர்மையாகாது. சோற்றால் விடுதலைக்கு வழி திறந்த இதே நாட்டில், சோற்றாலேயே மனிதனை மனிதன் இழிவுபடுத்தியும் வந்திருக்கிறோம். தேசபக்தியைப் போதிப்பதற்கென ஏற்பட்ட சேரன்மாதேவி குருகுலத்திலேயே, இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு படைத்ததனால் 1924-25-ல் பெருங் கிளர்ச்சி மூண்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதைக் கண்டித்தது முற்றிலும் நியாயமே என்பது நமது துணிபு. அந்நியன் 'இவனுக்குச் சோறிடாதே' என்றால் கொடுங்கோன்மை. நாமே 'இவனோடு உட்கார்ந்து உண்ணாதே' என்றால் அதற்குப் பெயர் ஆசாரமா? கொடுங்கோன்மை கோட்டையில் மட்டும் குடியிருப்பதில்லை. நம் வீட்டுத் தனி லோட்டாவிலும், கொல்லைப்புறத்து இலையிலும் அது குடியிருக்கிறது. அதை எதிர்ப்பதற்கு எந்தத் தலைவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆகவே, "எங்களால் ஆகக்கூடியது என்ன?" என்று கேட்கும் சம்சாரிகளுக்கு நம்முடைய பதில் இதுதான். நியாயத்துக்காக வெயிலில் நிற்பவர்கள் எக்காலத்திலும் இருப்பார்கள். அவர்களுக்குப் பசி எடுக்கும். அவர்களை ஒதுக்கி வை, பேசாதே, உதவாதே என்று சொல்லும் அதிகாரமும் எக்காலத்திலும் ஏதாவதொரு வேஷத்தில் வரும். அன்று உங்கள் அடுப்பு என்ன செய்கிறது என்பதே கேள்வி. பானையில் ஒரு படி அரிசி கூடுதலாக விழுந்தால், அண்டை வீட்டார் செய்யும் உதவியைப் பற்றி நீங்கள் வாய் திறவாமல் இருந்தால், உங்கள் பந்தியில் எவரும் எவர் பக்கத்திலும் உட்காரலாம் என்றிருந்தால், நீங்களும் தேசத் தொண்டர்களே.

நாளைக் காலையில் பழையதுக்கு உப்புப் போடும்போது, அந்தக் கல்லுப்பை ஒரு கணம் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நேயர்களிடம் நாம் வேண்டுவது அவ்வளவே. அதை வரியில்லாமல் உங்கள் கையில் சேர்ப்பதற்காக, பெயர் தெரியாத ஒருத்தி விடியற்காலையில் எழுந்து நூறு பேருக்குச் சோறு வடித்தாள். அவள் கட்டிவிட்ட பொட்டணத்தின் முடிச்சு இன்னும் அவிழவில்லை. நாமும் அவளுக்குக் கடன்பட்டவர்களே.