உஷார்! சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார்களா?

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே மறைமலைநகர், பொத்தேரி. தெற்கே மகேந்திரா சிட்டி. மேற்கே ஒரகடம் சாலை. படிக்கவும் வேலைக்கும் வெளியூரிலிருந்து வந்த இளவயதினர் இந்த வட்டாரமெங்கும் ஹாஸ்டலிலும் பி.ஜி.யிலும் தங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கும், ஒரே அறையில் உடன் இருப்பவர்களுக்கும்தான் இந்த எச்சரிக்கை.

புலிமியா என்று ஒரு நோய். நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும்வரை, பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவார்கள். உடனே பயமும் அவமானமும் பிடுங்கித் தின்னும். தின்றதை வெளியேற்ற வலிந்து வாந்தி எடுப்பார்கள், பேதி மாத்திரை போடுவார்கள், மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது மூன்று மாதம் இப்படி நடந்தால் மருத்துவர்கள் அதை நோய் என்றே கணக்கிடுகிறார்கள். ஆண்களுக்கும் வரும்.

பணக்கார வீட்டு வியாதி, நம்ம பிள்ளைக்கு எங்கே வரப்போகிறது என்று இருந்துவிடாதீர்கள். சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் மனநல மருத்துவர் டி.என். சீனிவாசன் குழுவினர் நடத்திய ஆய்வு 1998ல் வெளிவந்தது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் உணவையும் எடையையும் பற்றிய அவதியில் இருந்தார். முழு நோயாக முற்றாத நிலைதான். ஆனால், உடம்பைக் குறைக்கச் சொல்லி நாள் முழுக்க நச்சரிக்கும் ரீல்ஸ் எதுவும் அன்று இல்லை.

எடையைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. பலர் சரியான எடையிலேயே இருப்பார்கள், சிலர் சற்றுப் பருமனாகவும் இருப்பார்கள். வேறு அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். 1979ல் இந்த நோய்க்குப் பெயர் வைத்த லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல், விரலை விட்டு வாந்தி எடுக்கும் நோயாளிகளின் விரல் முட்டிகளில் பல் பட்டுப் பட்டுக் காய்த்த தழும்பைக் கவனித்தார். மேல் முன்பற்களின் உட்புறம் வயிற்று அமிலத்தில் அரித்துப் போகும். அதை முதலில் பார்ப்பவர் பல் டாக்டராகவே இருக்கலாம். வாந்தி எடுத்ததும் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பல் இன்னும் தேயும், தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

கன்னத்தை மறந்துவிடாதீர்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குக் காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கி முகம் உப்பிவிடும். கண்ணாடியில் அதைப் பார்க்கும் பெண், முகம் பெருத்துவிட்டதே என்று இன்னும் பட்டினி கிடப்பாள். பார்க்கிறவர்களும் “என்னம்மா, பூசினாப்ல ஆயிட்ட” என்பார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அன்றைக்கு ராத்திரி மறுபடி ஆரம்பித்துவிடும்.

உயிரைப் பறிப்பது பொட்டாசியம் குறைவு. வாந்தியிலும் பேதியிலும் உடம்பிலுள்ள பொட்டாசியம் வடிந்துபோனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். முன்னறிவிப்பே இல்லாமல் நின்றும் போகலாம். படபடப்பு, மயக்கம், கை கால் தளர்ச்சி, வாந்தியில் ரத்தம், நெஞ்சு வலி, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பொட்டாசியம் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் உடனே எடுக்கப்பட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் பேதி மாத்திரையால் கொழுப்பு கரையாது. சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. மாத்திரை முக்கியமாக வேலை செய்வது பெருங்குடலில். எடை மெஷினில் குறைந்து தெரிவது வெறும் தண்ணீர். நிறுத்தியதும் உடம்பு நீரைப் பிடித்துவைத்துச் சில நாள் வீங்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் திரும்பவும் மாத்திரைக்குப் போகிறார்கள். வீக்கம் தானாக வடிந்துவிடும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

குணப்படுத்த வழி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய பேச்சு சிகிச்சை வழக்கமாக 20 வாரம், 20 அமர்வு. அதன் முதல் பாடம் பட்டினியை நிறுத்துவது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் அடக்க முடியாத தீனியைப் பெரும்பாலும் கிளப்பிவிடுவதே பட்டினிதான். “வாயைக் கட்டு” என்று சொல்லும் வீடு நோயைத்தான் வளர்க்கிறது. வளரிளம் பிள்ளைகளுக்குப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு நடக்கும் குடும்ப சிகிச்சை பலன் தரும். ஃபுளுவாக்செட்டின் மாத்திரையும் உதவுகிறது. அளவை மனநல மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். பசி குறையும் என்று கேள்விப்பட்டுச் சிலர் நாடும் புப்ரோபியான் மாத்திரையை இந்த நோயாளிகள் தொடவே கூடாது, வலிப்பு வரலாம்.

அவர்களிடம் இதைப் பற்றிக் கேட்கும்போது எடையைப் பற்றிப் பேசாதீர்கள். பாத்ரூம் கதவைத் தட்டிக் கையும் களவுமாகப் பிடிக்காதீர்கள். தனியாக உட்காரவைத்து, “சாப்பிட்டதுக்கு அப்புறம் ரொம்பக் கஷ்டப்படுற மாதிரி தெரியுதும்மா, டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்” என்றால் போதும். முதலில் மறுப்பார்கள், கோபப்படுவார்கள். விட்டுவிடாமல் சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

பக்கத்திலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பிள்ளை ஊருக்கு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே போன் செய்யுங்கள்.