கட்டணமில்லாச் சட்ட உதவி

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் பாதையில், தேயிலையையும் மிளகையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. கணவனாற் கைவிடப்பட்ட ஒருத்தி அங்கிருந்து நீதிமன்றம் சென்றுவர, ஒருநாட் கூலியும் பேருந்துச் செலவும் போய்விடும். அதற்குமேற் சட்டத்தரணிக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருக்கும்?

இக்குறையை நீக்கவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தாற் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. வசதியற்றோர்க்கு அது ஆலோசனை கூறும். தக்க வழக்குகளிற் சட்டத்தரணியையும் அமர்த்தித் தரும். கட்டணம் பெறாது தாமாகவே வாதாட முன்வரும் சட்டத்தரணிகளும் உளர், அவர்கள் போற்றற்குரியர். எனினும், தனியொருவரின் ஈகையை மட்டும் நம்பி நீதி நடைபெறலாகாது என்பது என் கருத்து.

கைவிடப்பட்ட மனைவி, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புப் பணம் கோரலாம். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கணவனின் தொழில் வருவாய் பற்றிய விவரம் ஆகியவற்றை முதல்நாளே கொண்டுசெல்லுதல் நன்று. ஒரு தாள் குறைந்தாலும் இன்னொரு நாட் கூலி கழியும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் மனுச் செய்யவும், வழக்கு நடவடிக்கைகளிற் பங்குகொள்ளவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இடமளிக்கிறது, மொழிபெயர்ப்பும் கோரலாம். விளங்காத தாளிற் கைநாட்டிட்டுப் பின்னர் வருந்துவோர் எத்தனை பேர்! விடுமுறை விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் இதனையும் கற்பிக்கலாமே. ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதிமன்ற வளவுகளிலேயே இயங்குகின்றன. ஆதலால், நீதிமன்றம் செல்வோர் முதலில் அங்கு விசாரிக்கலாம்.