ஒகரக் குறியும் பணப்பைச் சோதனையும்

கட்புலனுக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்து உண்மையில் வேறாக இருத்தல் சுவடிப் பதிப்பாசிரியர்க்குப் புதிதன்று. ஏட்டில் புள்ளியின்மையால் ஒகரமும் ஓகாரமும் மயங்கின; காலும் ரகரமும் மயங்கின. இதனையொத்த மயக்கமொன்று கணினியுள்ளும் நிகழ்கின்றது. ஆண்டு இழக்கப்படுவது பாடம் அன்று, பொருள். அதனைத் தடுத்தற்கு மேற்கொள்ளும் ஒருங்கிணைப்புச் சோதனையின் இயல்பை, ட்ரெசர் என்னும் வன்பொருள் பணப்பையைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ட்ரெசர், செக் நாட்டுப் பிராக் நகரத்துச் சட்டோஷிலேப்ஸ் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட சிறு கருவி. பணப்பை எனப்படினும் அதனுள் பணம் இல்லை. பிட்காயின் முதலியவற்றைச் செலவிடுதற்குரிய திறவுகோலே உண்டு. 2013-இல் வகுக்கப்பெற்ற பிப்-39 நெறிப்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலினின்று எடுத்த 12 அல்லது 24 சொற்களே அத்திறவுகோலுக்கு மூலம். உடையவர் விரும்பின், தாமே அமைத்த மறைத்தொடர் ஒன்றனையும் அவற்றோடு சேர்க்கலாம். மறைத்தொடரில் ஒரு பைட்டு மாறினும் முற்றிலும் வேறொரு பணப்பை பிறக்கும். கருவியோ 'பிழை' என்று உரைப்பதில்லை. வெறுமையான பணப்பை ஒன்றைத் திறந்து காட்டி வாளாவிருக்கும்.

இனி எழுத்துக்கு வருவாம். ஒருங்குறியில் 'கொ' என்பதை இருவகையால் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்த்தல் ஒருவகை. இது 6 பைட்டு. ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தல் பிறிதொருவகை. இது 9 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றே. ஆதலின், மறைத்தொடரை என்எஃப்கேடி என்னும் பிரிநிலை வடிவிற்கு மாற்றிய பின்னரே கணக்கிடல் வேண்டும் என்று பிப்-39 விதித்தது. ட்ரெசரில் இம்மாற்றத்தைச் செய்வது கருவியின் நிலைபொருள் அன்று. கணினியில் இயங்கும் துணைநூலகமே செய்து அனுப்புகின்றது. நிலைபொருளைத் தனியே சோதிப்பார்க்கு இக்குறை ஒருகாலும் புலப்படாது என்பது கருதத்தக்கது. கணினியும் கருவியும் கூடி இயங்கும்போதே அது வெளிப்படும்.

நிறுவனத்தார் வெளியிட்டுள்ள சோதனைத் தொகுதியுள் இதற்கெனவே ஒன்றுண்டு. மேற்குறிகள் மிக்க செக் மொழித் தொடர் ஒன்றை ஒருங்குறியின் நால்வகை வடிவிலும் கருவிக்கு அளித்து, நான்கிலும் ஒரே முகவரி பிறக்கின்றதா என்று அது நோக்குகின்றது. தம் மொழியின் இடர்ப்பாட்டை அறிந்தோரே இத்தகைய சோதனையை எழுதுவர் என்பது எம் துணிபு.

இச்சோதனைகளை நிகழ்த்தக் கருவியை வாங்கவேண்டுவதில்லை. மூலநிரலைத் துணைக் களஞ்சியங்களோடு படியெடுத்து, எமுலேட்டரைத் தொகுத்து இயக்கினால், பைடெஸ்ட் என்னும் ஏவலி சோதனைகளை ஒவ்வொன்றாக நடத்தும். பொத்தானை அழுத்துதலும் திரையைப் படித்தலும் பிழைநீக்க இணைப்பின் வழியே நிகழும். பெரும்பாலான சோதனைகளில் 'ஆல்' என்னும் ஆங்கிலச் சொல்லையே 12 முறை அடுக்கிய தொடர் ஏற்றப்படும். உலகறிந்த தொடர் ஆதலின் அதன்கண் பொருள் வைத்தல் கூடாது. மெய்க்கருவியில் நிகழ்த்த விழைவார்க்குப் பிழைநீக்கப் பதிப்பாகிய நிலைபொருள் வேண்டும். சோதனை அக்கருவியில் உள்ளதை முற்றும் அழித்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

இத்தொகுதிக்குத் தமிழ்ச் சோதனையொன்றை வழங்குதல் தகும் எனக் கருதுகின்றோம். 'கொன்றை' என்னும் சொல் போதும். தமிழ் எழுத்துக்களுக்கு ஒருங்குறியின் நால்வகையும் இரண்டாகவே அடங்கும். எனவே சேர்நிலைக்கு 18 பைட்டு, பிரிநிலைக்கு 21 பைட்டு. இரண்டிற்கும் முகவரி ஒன்றாதல் வேண்டும். எழுதியவர், மாற்றம் செய்யும் வரியை ஒருமுறை நீக்கிச் சோதனை தோற்பதைக் கண்ட பின்னரே அதனை அனுப்புதல் நன்று. தோற்க அறியாத சோதனை எதனையும் காவாது. திரைத் தோற்றங்களையும் உடன் சோதிப்பாராயின், அவற்றின் புதிய அடையாளங்களைப் பதிவுசெய்து சேர்த்தனுப்பல் வேண்டும்.

மறைத்தொடர் 50 பைட்டினை மிகலாகாது என்பது ட்ரெசரின் வரம்பு. பிரிநிலையில் தமிழுக்கு 16 குறிகளே அதனுள் அடங்கும். கொன்றையை இருமுறை எழுதலாம், மும்முறை எழுத இடமில்லை.