ஜப்பானியரும் அறுபதாம் ஆண்டும்

அறுபது வயது நிரம்பிய ஓர் ஊழியர் தம் ஸ்தாபனத்தினின்றும் விலகுகிறார். உடனுழைத்தோர் மலர்ச்செண்டளித்து வழியனுப்புகின்றனர். அடுத்த வேலைநாட் காலையில் அவரே அதே ரயிலேறி, அதே மேசைக்கு வந்து, அதே வேலையைத் தொடங்குகிறார். குறைந்தது அவர் சம்பளமொன்றே. கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஜப்பான் தேசத்திலோ இஃது எங்கும் காணப்படும் நிகழ்ச்சி. இவ்வழக்கம் எங்ஙனம் உண்டாயிற்றென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வேலையினின்று நீங்குதற்கு வகுத்த வயதெல்லையை அந்நாட்டார் ‘தெய்னென்’ என்பர். முன்னர் அது பெரும்பாலும் 55 ஆக இருந்தது. 60க்குக் குறைந்த எல்லையை எம்முதலாளியும் வைக்கலாகாதென்று 1994இல் இயற்றப்பெற்ற சட்டம் 1998இல் அமலுக்கு வந்தது. எல்லையென ஒன்று ஏன் வேண்டும்? அங்குள்ள பெரிய ஸ்தாபனங்களில், சம்பளம் ஊழியஞ்செய்த வருஷங்களைப் பற்றியே பெரிதும் உயர்ந்துவரும். இளைஞன் தன் உழைப்பின் மதிப்பிற்குக் குறைவாகப் பெறுகிறான்; முதிர்ந்தபின் மிகுதியாகப் பெறுகிறான். இளமையிற் கொடுத்த கடனை முதுமையில் வசூலித்துக்கொள்கிறான் என்னலாம். கடன் தீர்ந்தபின்னும் வசூல் நிற்காவிடின் முதலாளிக்கு நஷ்டமாகலின், ஒரு நாள் கணக்கை முடித்தே ஆகவேண்டும். கட்டாய ஓய்வின் காரணத்தை இவ்வாறு விளக்கியவர் எட்வர்டு லேசியர் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். விளக்கிய ஆண்டு 1979. ஆகவே, தெய்னென் என்பது கைகால் தளர்ந்ததற்கு அத்தாட்சியன்று. பேரேட்டின் கடைசிப் பக்கமே யாகும்.

நிற்க. ஆயுள் நீண்டது, பிள்ளைப்பேறு அருகிற்று. 2023இல் ஜப்பானிய ஜனங்களில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதினர் அல்லது அதனைக் கடந்தோர். இந்நிலையை முன்னரே கண்ட அரசாங்கத்தார், ஊழியர்க்கு 60இல் கிடைத்துவந்த பென்ஷனைப் படிப்படியாக 65க்குத் தள்ளிவைத்தனர். சம்பளம் 60இல் நின்று, பென்ஷன் 65இல் தொடங்கின், இடைப்பட்ட ஐந்து வருஷமும் ஒருவர் எதனை உண்பார்? இப்பள்ளத்தைத் தூர்க்கவே 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி முதலாளிமார் வயதெல்லையை உயர்த்தலாம்; அடியோடு ஒழிக்கலாம்; அன்றேல், எல்லை கடந்தோரை மறுபடியும் அமர்த்திக்கொள்ளலாம். பெரும்பாலோர் மூன்றாவதையே பற்றிக்கொண்டனர். காரணம் வெளிப்படை. மறுநியமனம் புதிய ஒப்பந்தமாகலின், பழைய சம்பளத்தைத் தொடரவேண்டுவதில்லை. ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓராண்டுக்கே, பதவிப்பெயர் போயிற்று, நேற்றுத் தம் கீழிருந்தவர் இன்று தமக்கு மேலதிகாரியாதலும் உண்டு.

வேலை அதுவேயாக, கூலி குறைதல் நீதியோ? இவ்வினாவைச் சிமெண்டு ஏற்றிச்செல்லும் லாரியோட்டிகள் மூவர் நியாயஸ்தலத்திற்குக் கொண்டுசென்றனர். 2016இல் கீழ்க்கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேற்கோர்ட்டு அதனை மாற்றியது. 2018 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டார், ஓய்வுபெற்று மீண்டவர் என்பதையும், அவர்க்குப் பென்ஷன் வரவிருப்பதையும் கருத்திற்கொள்ளலாமென்று கூறி, சம்பளக் குறைவைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டனர். ஆயினும், நாள் தவறாது வருவோர்க்குரிய படியை மறுத்தது தவறென்றனர். நாள் தவறாமையின் அவசியம் வயதினால் மாறுவதன்றே! திராட்சத்தோட்டத்து உவமையில் கடைசி மணியில் வந்தவனும் முழுக்கூலி பெற்றான். இங்கோ விடியற்காலை முதல் உழைத்தவனுக்கே மாலையிற் கூலி குறைகிறது. சட்டநுட்பம் எவ்வாறாயினும், நம் மனம் இத்தீர்ப்பில் முற்றும் அமைதிபெறவில்லை.

ஸ்தாபனங்களை விட்டு நீங்கிய முதியோர்க்கு வேறொரு வழியுமுண்டு. 1975இல் டோக்கியோவில் தொடங்கி, 1986இல் சட்ட அங்கீகாரம் பெற்று நாடெங்கும் பரவிய ‘வெள்ளி மனிதவள நிலையங்கள்’ 60 வயது கடந்தோர்க்குச் சிறு வேலைகளைத் தேடித்தருகின்றன. பூங்காவிற் களையெடுத்தல், மரங்கிளை நறுக்கல், சைக்கிள் நிறுத்துமிடங் காத்தல், காகிதக் கதவுகளுக்குப் புதுக்காகிதம் ஒட்டல் முதலியன அவை. இங்குப் பெறுவதைக் கூலியென்னாது பங்கென்பர். உழைப்போர் ஒருவர்க்கும் வேலைக்காரரல்லர் என்பது கருத்து. பெயர் கௌரவமானதே; ஆனால், குறைந்த கூலி இவ்வளவென்று விதிக்கும் சட்டம் பங்கிற்குப் பொருந்துவதன்று.

2023இல் 65 வயதினரும் அதற்கு மேற்பட்டோருமாய் வேலையிலிருந்த ஜப்பானியர் 90 இலட்சத்திற்கு மேற்பட்டனர். அவ்வயதினரில் நால்வர்க்கு ஒருவர் என்க. 2021 ஏப்ரலில் அமலான மற்றொரு சட்டம், 70 வயதுவரை வேலைக்கு வழிசெய்ய முயலுமாறு முதலாளிமாரைக் கேட்கிறது. அவ்வழிகளுள், முதியவரை ஊழியராக வைத்துக்கொள்ளாது, தனித்தொழில் செய்பவராக்கி அவரோடு ஒப்பந்தஞ் செய்துகொள்வதும் ஒன்றாகும்.