லினக்ஸில் வைஃபை வரவில்லையா?

லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறும் மாணவர்கள் பலர் என்னிடம் சொல்லும் முதல் குறை ஒன்றுதான்: "எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் வரவில்லை." மறுநாளே லினக்ஸை அழித்துவிடுகிறார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். கீழே நான் குறிப்பிடும் கட்டளைகளை முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து பாருங்கள்.

முதலாவது, விசை. சில மடிக்கணினிகளில் வைஃபையை அணைக்கும் பொத்தான் உண்டு. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளை, அட்டையை முடக்கியிருப்பது மென்பொருளா பொத்தானா என்று காட்டிவிடும்.

இரண்டாவது, இயக்கி. அட்டையின் வணிகப் பெயரைவிட உள்ளேயிருக்கும் சில்லின் பெயரே முக்கியம். 'எல்எஸ்பிசிஐ' அதைச் சொல்லும். யுஎஸ்பி அட்டை என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. அந்தச் சில்லுக்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்று பிறகு தேடலாம்.

மூன்றாவது, நிலைப்பொருள். இயக்கி கணினியில் ஓடும் நிரல். நிலைப்பொருள் அட்டைக்குள்ளேயே ஓடும் நிரல். இதன் உரிமை தயாரிப்பாளரிடம் இருப்பதால், சில லினக்ஸ் வெளியீடுகள் இதைச் சேர்த்துத் தருவதில்லை. டெபியன்கூட 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் இதைச் சேர்த்தது. 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' என்று தட்டினால், கிடைக்காத கோப்பின் பெயர் பெரும்பாலும் திரையில் தெரியும். கம்பி இணைப்பு வழியாகவோ, கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்தோ அதை இறக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கலுக்கு மூலகாரணம் தொழில்நுட்பம் அன்று, மறைக்கப்பட்ட தகவல். பிராட்காம் நிறுவனம் தன் வைஃபை சில்லுகளின் விவரங்களை அன்று வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, ஏற்கெனவே இருந்த இயக்கியை ஆராய்ந்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்று குறிப்பு எழுதியது. மற்றொரு குழு, பதிப்புரிமைச் சிக்கல் வராதபடி, அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. 2006இல் அது லினக்ஸ் கருவின் 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறமூல இயக்கியை வெளியிட்டது.

ஆகவே நண்பர்களே, உதவி கேட்கும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சில்லின் பெயரையும் பிழைச் செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீர்வு கிடைத்தால் அதைத் தமிழில் எழுதி வையுங்கள். பழைய மடிக்கணினியோடு அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கு அது உதவும்.